பூனை, தவளை, வாத்து மற்றும் செயற்குழு

எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தேர்தல் நேரத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் ஒய்.பி. கொடுத்தார். அதை வைத்து என்ன செய்வது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கிய எங்களுக்கும் தெரியாது. போட்டோ மட்டும் நன்றாக விழுந்தது. தலைவர் கம்ப்யூட்டரைப் பிடித்தபடி சிரிக்க, ஒய்.பி. தலைவரைப் பிடித்தபடி சிரித்தார்.

பத்தாங் பெர்ஜுந்தை டவுனிலிருந்து செம்பனை மரங்களுக்குள் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசை. லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கட்டடம், அதுதான் மன்றம். தலைவர் சிவானந்தம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. செயலாளர் சேது, எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர். பொருளாளர் இருசப்பன் கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், இளைஞர் மன்றத்தில் இருந்தாலும் பேரன் எடுத்தவர். நான் நவமணி. ரவாங் ஃபேக்டரி ஒன்றில் மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை விட்டு, முடியை விட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி வரும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் கம்பிதான் தெரியும். மன்றத்தில் எனக்கும் ஒரு பதவி உண்டு. மகளிர் பிரிவுப் பொறுப்பாளர். கூட்டத்துக்குப் பாலில்லாத டீ, தே ஓ, கலக்குவது அந்தப் பொறுப்பில் அடங்கும். அதற்கு மேல் அதில் எதுவும் அடங்காது.

இப்படி இருக்கையில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனி. புது விளையாட்டு ஒன்றுக்கு இசை வேண்டுமாம். ஒரு சம்பான் படகு ஆற்றில் போகும், மிதந்து வரும் மரக்கட்டைகளுக்கும் முதலைகளுக்கும் தப்ப வேண்டும், அதற்குப் பொருத்தமாக இசை. எங்களிடம் இருந்த அதே வகை கம்ப்யூட்டரில் போட்டு டிஸ்க்கில் கொடுக்க வேண்டும். இசை பிடித்திருந்தால் போட்டவரை வேலைக்கும் எடுத்துக்கொள்வோம் என்று கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது.

அந்தச் சின்ன எழுத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். ஃபேக்டரியில் மெஷின் போடும் சத்தத்துக்கு ஏற்ப மனதுக்குள் மெட்டுக் கட்டிக்கொண்டே இருப்பேன். அதற்குச் சம்பளம் கொடுக்க உலகத்தில் ஆள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு ஓடினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஒரு விஷயத்தைச் சாகடிக்க வேண்டுமென்றால் எங்கள் செயற்குழுவிடம் ஒப்படைத்தால் போதும்.

"நல்ல விசயம் லா. மன்றத்துப் பேர்ல கலந்துக்குவோம்" என்றார் சிவானந்தம்.

"மன்றத்துப் பேர்ல முடியாதுங்க ஐயா. ஒரு ஆளு பேருதான் கேக்குறான்" என்றேன்.

"அப்பன்னா தலைவர் பேரப் போட்டுக்குவோம். இப்போதைக்கு" என்றார் சேது. முன்மொழிந்தார். இருசப்பன் வழிமொழிந்தார். மறுநாளே கிராணி ஆபீஸ் போனிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டு, இசையமைப்பாளர் சிவானந்தம் என்று பதிவு செய்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே இசை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அடிக்கும் மணிச் சத்தம். ஆனாலும் அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் சாவி அவரிடம் இருந்தது.

அடுத்து எந்தப் புரோகிராமில் இசை போடுவது என்ற கேள்வி வந்தது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு துணைக் குழு அமைத்தார்கள். துணைக் குழுவில் யார் யார் என்றால் அதே மூன்று பேர்தான். கூட பாலன். பாலன் ரவாங்கில் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிற பையன், நல்லவன். அங்கே வாத்தியாரிடம் மூன்று இசைப் புரோகிராம்கள் இருந்தன. மூன்றுமே இலவசம். எழுதியவர்களே, யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டவை. பாலன் மூன்றையும் மூன்று டிஸ்க்கில் காப்பி எடுத்து வந்தான்.

"ஓசியா?" என்று இருசப்பன் முகத்தைச் சுளித்தார். "ஓசில குடுக்குறான்னா என்னமோ கோளாறு இருக்கு லா."

அந்த மூன்றையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாவதற்கு நாங்கள் வைத்த பெயர் தடியன். அதோடு வந்த விளக்கப் புத்தகத்தின் போட்டோஸ்டாட் அவ்வளவு தடிமன். திரையில் முழுக்க எண்ணும் எழுத்தும் வரிசை வரிசையாக ஓடும். ஒரு 'ஸ' சுரம் வரவழைக்க வேண்டுமென்றால் அந்த வரிசையில் ஏழெட்டு இடத்தில் சரியான எண்ணைப் போட வேண்டும். ஒரு இடத்தில் தப்பினால் கம்ப்யூட்டர் கப்பல் மாதிரி ஊளையிடும். இரண்டாவது பியானோ. திறந்ததும் பெரிய பியானோ படம் வரும், அப்புறம் ஐந்து கோடு போட்ட வெள்ளைக்காரன் இசைத் தாள் வரும். பார்க்க ரொம்ப லட்சணம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டங்களிலும் கிடையாது.

மூன்றாவது சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியது. திரையில் மூன்று வரி. ஒரு வரிக்கு முன்னால் பூனை, இன்னொன்றுக்குத் தவளை, மூன்றாவதற்கு வாத்து. வரியில் கலர் பெட்டி வைத்துக்கொண்டே போக வேண்டும். பெட்டி மேலே ஏறினால் சுரம் ஏறும், இறங்கினால் இறங்கும். பூனை பாடும், தவளை அடியில் சுருதி பிடிக்கும், வாத்து தாளம் போடும். அவ்வளவுதான்.

துணைக் குழு கூடிக் கூடிப் பேசியது. தடியன்தான் வேண்டும் என்றார் சிவானந்தம். "புத்தகத்தப் பாத்தியா? இவ்வளவு எழுதியிருக்கான்னா உள்ள எவ்வளவு இருக்கும்!" அந்தப் புத்தகத்தை அவர் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டமெங்கும் நடந்தார். அவர் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை. சேது பியானோ பக்கம். "ஸ்டாண்டர்டா இருக்கு லா. யாராச்சும் வந்து பாத்தா ஒரு மதிப்பு இருக்கும்ல?" யார் வந்து பார்ப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. இருசப்பன் எல்லோருக்கும் தலையாட்டினார்.

நான் தே ஓ கொடுத்துக்கொண்டே கேட்டேன். "ஐயா, இதுல எதுல இன்னிக்கு உக்காந்தா இன்னிக்கே ஒரு வரி பாட்டு வரும்? நாமெல்லாம் புதுசு. அதப் பாத்து எடுத்தா என்னா?"

துணைக் குழு என்னைப் பார்த்தது. சர்க்கரை போதவில்லை என்றது.

பாலன் மட்டும் மெதுவாக, "பூனதான் மணி அக்கா. போட்டதும் சத்தம் வரும்" என்றான்.

"பூனையும் வாத்துமா?" சிவானந்தம் சிரித்தார். "கோலாலம்பூர்காரன் நம்மளப் பத்தி என்னா நெனைப்பான்? மானம் போயிடும் லா." பூனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. தடியனுக்கும் பியானோவுக்கும் இடையே முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை அந்தப் பிள்ளை டிஸ்க்கை வைத்து நான் விளையாடிக்கொள்ளலாம் என்று சிவானந்தம் பெருந்தன்மையோடு அனுமதித்தார். சாவியும் கிடைத்தது.

விளையாடினேன். காலை ஷிப்ட் வாரங்களில் ஃபேக்டரி பஸ் விட்டு இறங்கி, குளித்து, நேராக மன்றம். முதல் நாளே பூனை பாடியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பெட்டியை வைத்தேன், பாடியது. நகர்த்தினேன், வேறு மாதிரி பாடியது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாட்டு கண்றாவியாக இருந்தது. பஜனைப் பழக்கத்தில் இழுத்து இழுத்துப் போட்டிருந்தேன். பூனை பல்லவியை முடிப்பதற்குள் சம்பானை முதலை தின்றுவிட்டு ஏப்பம் விட்டிருக்கும். அழித்தேன். அடுத்தது வேகமாகப் போட்டேன், அது கேட்கக் கேட்கத் தலைவலி தந்தது. விளையாடுகிறவன் ஒரே இசையை நூறு தடவை கேட்பான், அவனுக்கு எரிச்சல் வரக் கூடாது, முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் ஒட்ட வேண்டும் என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் தவளையைத் துடுப்புப் போடுகிற மாதிரி வைத்து, அதன் மேல் பூனையை அளவாகப் பாடவிட்டபோது எனக்கே பிடித்தது.

அது சரியாக வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னவர் சேது. வாயால் அல்ல. தடியனா பியானோவா என்று அடுத்த அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் இங்கே என் பாட்டைச் சுற்றவிட்டிருந்தேன். தே ஓ கொண்டுபோனபோது சேது பியானோவை ஆதரித்துப் பேசியபடியே மேசை மேல் என் தவளையின் தாளத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இருசப்பன் என் பூனையை முனகிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது தெரியவில்லை. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து தனியாகச் சிரித்தேன்.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள், அந்த வருடம் விஜயதசமியன்று விழுந்தது. துணைக் குழு அதைக் கேட்டுப் பயப்படவில்லை. பூரித்துப் போனது. விஜயதசமி என்றால் வித்தை தொடங்கும் நாள். காலையில் நல்ல நேரத்தில் தலைவர் உட்கார்ந்து இசையைத் தொடங்குவார், சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடலாம். அத்தனை வாரம் புரோகிராம் தேர்ந்தெடுத்தவர்கள், அதில் இசை போட ஒரு காலைப் பொழுது போதும் என்று முடிவு செய்தார்கள். தடியன், பியானோ இரண்டையுமே தேர்ந்தெடுத்ததாக அறிவித்து அந்தப் பிரச்சினையையும் சுமுகமாகத் தீர்த்தார்கள்.

"நான் ஒரு பாட்டு முடிச்சி வச்சிருக்கேங்க ஐயா" என்றேன்.

"அது பிராக்டிஸ்" என்றார் சிவானந்தம்.

முதல் நாள் ஆயுத பூஜை. மன்றத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரை வைத்தார்கள். சேது தன் லோரி சாவியை வைத்தார். யாரோ செம்பனை வெட்டும் சேபிட் கத்தியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். தடியனையும் பியானோவையும் உறையிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்கள். என் டிஸ்க்கையும் கொண்டுபோய் நீட்டினேன். எனக்கும் சாமி உண்டு, எனக்கும் அந்த ஆசீர்வாதம் வேண்டும் என்றுதான் போனேன்.

இருசப்பன் அதை வாங்கவில்லை. "இந்தா புள்ள, பூன வாத்தெல்லாம் சாமிகிட்ட வைக்கிறதா? எடுத்துட்டுப் போ."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் அழக்கூடாது என்று டிஸ்க்கைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பூசையின் மிச்சத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் மன்றத்துக்குப் போனேன். சேது வேலைக்கு டாக்டர் சீட்டு, எம்.சி., போட்டிருந்தார். காய்ச்சல் என்று எம்.சி. எடுத்தவர் புது வேட்டியில் நின்றார். சிவானந்தம் நெற்றி நிறையத் திருநீறோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல நேரம் பிறந்ததும் இருசப்பன் தாம்பாளத்திலிருந்து தடியனை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார். தலைவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு டிரைவுக்குள் தள்ளினார்.

டிரைவ் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. எடுத்துவிட்டு பியானோவைத் தள்ளினார். இரண்டு மடங்கு துருவியது. கொஞ்ச நேரத்தில் சத்தமே நின்றது. அறை முழுக்கச் சந்தன வாசனை.

பாலன் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்தான். அந்தக் காலத்து டிஸ்க் கறுப்பு அட்டைக்குள் இருக்கும். அட்டையில் ஒரு இடம் மட்டும் நீள்வட்டமாகத் திறந்திருக்கும். அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைப் படிக்கும், அங்கே விரல்கூடப் படக்கூடாது. அந்தத் திறந்த இடத்தின் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். இரண்டு டிஸ்க்கிலும்.

"யாரு லா இங்க பொட்டு வச்சது?" பாலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான்தான்" என்றார் இருசப்பன். "மத்த எடமெல்லாம் கறுப்பா இருந்துச்சு. அங்க மட்டும் நெத்தி மாதிரி தொறந்து இருந்துச்சு. நெத்தியிலதான லா பொட்டு வைப்பாங்க?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அம்மி, ஆட்டுக்கல், லோரி எல்லாவற்றிலும் நெற்றியைக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்தே பழகிய கை. டிஸ்க்கிலும் கண்டுபிடித்துவிட்டது.

எல்லோரும் கொஞ்ச நேரம் செத்த டிரைவைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

"மணி," என்றார் சிவானந்தம். இதற்கு முன் அவ்வளவு இனிமையாக அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பூன டிஸ்க்கு எங்க? அதுல பாட்டு இருக்குல்ல? அதையே குடுத்துடுவோம். பேரு ஏற்கனவே குடுத்தாச்சு, அதப் பத்திப் பிரச்சின இல்ல."

"டிஸ்க்கக் குடு புள்ள, ஒரு பொட்டு வச்சித் தாறேன்" என்று இருசப்பன் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே வந்தார்.

"தொடாதீங்க மாமா!" என்று கத்திவிட்டேன். "நேத்து சாமிகிட்ட வைக்கவே லாயக்கில்ல, இன்னிக்குத் தலைவர் பேர்ல போகுமா? பாட்டு நான் போட்டது. ஒவ்வொரு பெட்டியும் நான் வச்சது. என் பேர்லதான் போகும்."

"அதுக்குக் கூட்டம் போட்டு..." என்று சேது தொடங்கினார். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்.

டவுனில் கோலாலம்பூர் பஸ் ஏறினேன். ஷிப்டுக்குப் போகவில்லை. சொல்லாமல் வேலைக்குப் போகாவிட்டால் ஃபேக்டரியில் சும்மா விடமாட்டார்கள், இது கிடைக்காவிட்டால் அதுவும் போகும் என்று வழி முழுக்கப் பயந்துகொண்டே போனேன்.

கம்பெனி பூடு வட்டாரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வோங் என்ற சீனர், என்னை விடக் கொஞ்சம் பெரியவர், எல்லாம் அவர்தான். டிஸ்க்கைப் போட்டார். பூனையும் தவளையும் வாத்தும் வந்தன. "இனி பூடாக் புன்யா லா" என்று சிரித்தார், சின்னப் பிள்ளை சாமானாம். பாட்டைத் தட்டிவிட்டு, இன்னொரு மேசையில் ஏதோ வயரைச் செருகப் போனார். பாட்டு சுற்றியது. மறுபடி சுற்றியது. அவர் நிறுத்த வரவில்லை. வயரைச் செருகியபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும், "பத்தாங் பெர்ஜுந்தை என்றால் சிவானந்தம் என்றல்லவா எழுதியிருக்கிறது? ஆண் பெயர்தானே அது?" என்று மலாயில் கேட்டார்.

"அவர் எங்கள் மன்றத் தலைவர். பாட்டு நான் போட்டது."

வோங் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை. போனை எடுத்து எங்கள் தோட்டத்து ஆபீசுக்குச் சுற்றினார். கிராணி எடுத்தார். அவர் போனில் பேசினால் கம்பி வழியாக அல்லாமல் காற்று வழியாகவே கோலாலம்பூருக்குக் கேட்டுவிடும். வோங் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இசையைப் போட்டது யார், நீங்களா இந்தப் பெண்ணா என்று கேட்டார்.

சிவானந்தம் கெட்டவர் இல்லை. நான்தான் போட்டேன் என்று அவர் பொய் சொல்லவில்லை. நான் போட்டேன் என்ற உண்மையையும் சொல்லவில்லை. "ஒரு நிமிசம் இருங்க, கமிட்டியக் கேட்டுச் சொல்றேன்" என்றார் மலாயில்.

செயற்குழு அவரோடு ஆபீசிலேயேதான் இருந்தது, டிரைவை என்ன செய்வதென்று அவசரக் கூட்டம் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. ரிசீவருக்குள் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் புள்ள போட்டதுன்னு சொல்லிடவா?"

"தீர்மானம் இல்லாம எப்படி லா சொல்றது? தலைவர் பேருன்னு முன்னாடியே பாஸ் பண்ணியாச்சு."

"மணி அக்காதான் போட்டாங்க, எல்லாருக்கும் தெரியும்ல?" இது பாலன்.

"தெரியும் லா. தெரியறது வேற, தீர்மானம் வேற."

இதைச் சொன்னவர் சேது. மேசையில் என் தவளையைத் தட்டிய அதே சேது. ஒரு ஆமாம் சொன்னால் என் வாழ்க்கை மாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே முன்மொழிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வோங்குக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"கூட்டம் போடுகிறார்கள்" என்றேன்.

அவர் ரிசீவரை மேசை மேல் வைத்தார். அது தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. "திரும்பத் தொடங்குகிற இடத்தில் லேசாக இடறுகிறது, கவனித்தாயா?" என்று திரையைக் காட்டினார். கவனித்திருந்தேன், பல நாளாக அது என்னை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் தவளையின் ஒரு பெட்டியைத் தூக்கினேன், வாத்தை ஒரு தட்டு முன்னால் நகர்த்தினேன். பாட்டு போய்ச் சேர்ந்து, இடறாமல் மறுபடி தொடங்கியது.

வோங் அதை மூன்று சுற்று கேட்டார். ரிசீவரில் இருசப்பன் எதையோ வழிமொழிந்துகொண்டிருந்தார். வோங் அதை எடுத்து மெதுவாகப் போன் மேல் வைத்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, பதிவுத் தாளில் சிவானந்தம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு என் பெயரைக் கேட்டார்.

"நவமணி" என்றேன்.

யாரையும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.